ஜமுக்காளத்துல பறந்த சூப்பர்ஹீரோ: ஒரு ஆடியோ டிராமா செஞ்ச கதை

ஃபைனல் மிக்ஸ் ஒருவழியா முடிஞ்சாச்சு. 22 நிமிஷ ஆடியோ டிராமா, டாக்டர் ஹூங்கற பிபிசி சயின்ஸ் ஃபிக்ஷன் டிவி தொடரோட உலகத்துக்குள்ள ஒரு சூப்பர்ஹீரோ வந்து மாட்டிக்கிட்டா என்ன ஆகும்னு நாங்க நாலு பேர் சேர்ந்து எழுதி நடிச்சு ரெக்கார்ட் பண்ண ஃபேன் கதை, முழுக்கத் தமிழ்ல. விக்கறதுக்கு இல்ல, எங்க வட்டத்துக்குள்ள போட்டுக் கேக்கறதுக்கு மட்டும். இங்க இங்கிலாந்துல ரெடிங்ங்கற ஊர்ல எங்க வீட்டு மேல்மாடி ரூம்லதான் எல்லாமே நடந்துச்சு. எது வேலை செஞ்சுது எது செய்யலைன்னு மறந்து போறதுக்குள்ள எழுதிடறேன், ஏன்னா ஆரம்பிக்கும்போது தமிழ்ல தேடினப்ப எந்த மைக் வாங்கறதுங்கறது பத்தி நெறைய கிடைச்சுது, பறக்கறவனை காதுக்கு எப்படிப் புரிய வெக்கறதுங்கறது பத்தி ஒண்ணுமே கிடைக்கல.

அதுதான் மொத்தப் பிரச்சனையும். டாக்டர் ஹூவுக்கும் ஆடியோவுக்கும் பொருத்தம் ரொம்ப நல்லா இருக்கும், அதை ஆடியோ டிராமாவா போடற பிக் ஃபினிஷ் கம்பெனி 1999 ஜூலைல த சைரன்ஸ் ஆஃப் டைம்னு ஆரம்பிச்சது இன்னிக்கும் ஓடிட்டு இருக்குன்னா காரணம் கதையோட நாயகன் டாக்டர் துப்பாக்கிய எடுக்கற ஆள் இல்ல, பேசியே காரியத்தை முடிக்கற ஆள், பேச்சுக்கு படம் தேவையில்ல. சூப்பர்ஹீரோ அப்படியே எதிர்ப்பக்கம். டிரெஸ்ஸு, கேப்பு, பறக்கறது, பஸ்ஸைத் தூக்கறது எல்லாமே கண்ணுக்கான சமாச்சாரம். டாக்டர் ஹூவோட 2016 கிறிஸ்மஸ் ஸ்பெஷல்ல டிவில நியூயார்க் மேல ஒருத்தனைப் பறக்க விட்டாங்க, காட்டினாங்க, வேலை முடிஞ்சுது. அதுக்கும் ரொம்ப முன்னாடி 1968ல த மைண்ட் ராபர்ங்கற டாக்டர் ஹூ கதைல கார்கஸ்னு ஒரு காமிக்ஸ் பலசாலி வருவான், டாக்டரோட கூட வர்ற ஸோயிங்கற பொண்ணு அவனைப் புரட்டிப் போட்டு அடக்குவா. எனக்கு ரொம்பப் பிடிச்ச சீன் அது, ஆனா கண்ணை மூடிட்டு கேட்டா யாரு யாரைத் தூக்கிப் போடறாங்கன்னு பிடிபடல.

முதல்ல ஸ்கிரிப்ட். முதல் டிராஃப்ட்ல எல்லாரும் பாக்கறதை எல்லாம் வாயால சொல்லிட்டே இருந்தாங்க, "ஐயோ அங்க பாரு, பஸ்ஸை ஒத்தக் கையால தூக்கறான்" அந்த மாதிரி. பழைய ரேடியோ வழி அது. 1940 பிப்ரவரில சூப்பர்மேன் ரேடியோ சீரியல் ஆரம்பிச்சப்போ அவன் கிளம்பிட்டான்னு கேக்கறவங்களுக்குத் தெரியணும்னுதான் ஒவ்வொரு தடவையும் "அப், அப் அண்ட் அவே"ன்னு சொல்ல வெச்சாங்க, அப்ப அது சரியாவும் இருந்துச்சு. நாங்க சத்தமா வாசிச்சுப் பாத்தப்போ நடிக்கறவங்க வாயிலயே அது நிக்கல, பக்கத்துல இருக்கறவன்கிட்ட அவன் கண்ணுக்கும் தெரியற விஷயத்தை யாராவது விளக்குவாங்களா. அதனால ஒரு முடிவு எடுத்தோம், ஒவ்வொரு சீனுக்கும் மேல காது எங்க நிக்குதுன்னு ஒரு வரி எழுதணும், தரைலயா, பஸ்ஸுக்குள்ளயா, ஹீரோ தோள் பக்கத்துலயா. அதை எழுதாம அந்த சீனைத் தொடக்கூடாது.

பஸ் சீன் இதுலதான் உருப்பட்டுச்சு. காதை வெளிய ரோட்டுல வெச்சிருந்த வரைக்கும் கூட்டம் கத்தறதும் ஒரு பெரிய உறுமலும்தான், கேட்டா பஸ் கவுந்துடுச்சுன்னு நினைப்பாங்க. காதை பஸ்ஸுக்குள்ள தூக்கி வெச்சோம். இன்ஜின் ஐட்லிங் அப்படியே ஓடுது, டயர் ரோட்டுல உரசற சத்தம் மட்டும் பொசுக்குனு நின்னு போகுது, மேல புடிச்சுக்கற கம்பி கிறீச்சுங்குது, யாரோட சில்லறையோ கீழ விழுந்து பின் சீட்டு வரைக்கும் உருண்டுட்டே போகுது, ஒரு குழந்தை கேக்குது "அம்மா, ரோடு ஏன் கீழ போகுது?" அவ்வளவுதான், வேற ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. கேட்டவங்க எல்லாருக்கும் பஸ் மேல ஏறினது புரிஞ்சுது. பஸ் உள்சத்தத்தை பிபிசி 2018ல வெளிய விட்ட சவுண்ட் எஃபெக்ட்ஸ் ஆர்க்கைவ்லேருந்து எடுத்தேன், 16,000க்கும் மேல கிளிப் அப்பவே போட்டாங்க, சொந்த உபயோகம், படிப்பு, ஆராய்ச்சிக்கு ஃப்ரீ, வியாபாரத்துக்கு தனியா லைசென்ஸ் வாங்கணும், இதை முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு இறங்குங்க. சில்லறை உருள்றது மட்டும் நான் பண்ணது, ஒரு தாம்பாளத்தை லேசா சாய்ச்சு வெச்சு 2 பென்ஸ் காசை உருட்டினேன், தாம்பாளத்துக்கு அடில மடிச்ச துண்டு ஒண்ணு போட்டாத்தான் கிண்ணுனு அதிராம பஸ் தரை மாதிரி கேக்குது.

அடுத்து ரெக்கார்டிங் இடம். துணி அலமாரிக்குள்ள உக்காந்து பேசறது நல்லா இருக்கும்னு நெறைய பேர் சொல்லுவாங்க, எங்க அலமாரில அது சரிவரல, எக்கோ இல்ல, ஆனா டப்பாக்குள்ள பேசற மாதிரி 200 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு வீக்கம், ஈக்யூல (ஃப்ரீக்வென்சியைத் தனித்தனியா ஏத்தி இறக்கறது) அதை வெட்டினா குரலும் சேர்ந்து மெலிஞ்சு போச்சு. அப்புறம் ரூமுக்கு நடுவுல ரெண்டு துணி காயப்போடற ஸ்டாண்டை எல் மாதிரி நிறுத்தி, அதுமேல கனமான டூவே (பஞ்சு அடைச்ச போர்வை) ஒவ்வொண்ணு போட்டு, நடிக்கறவங்க முதுகுக்குப் பின்னாடி மெத்தையை நிமித்தி வெச்சோம். இது பிரமாதமா வேலை செஞ்சுது. முக்கியமானது முதுகுப் பக்கம், மைக் பாக்கறது அந்தப் பக்கம்தான், அதை மூடாம முன்னாடி மட்டும் ஃபோம் ஒட்டறதுல பிரயோஜனம் இல்ல.

மைக் பழைய எஸ்எம்58, செகண்ட் ஹேண்ட்ல 55 பவுண்டு. மைக்கை கம்ப்யூட்டரோட சேர்க்கற இன்டர்ஃபேஸ் ஸ்கார்லெட் 2ஐ2, அதுவும் செகண்ட் ஹேண்ட், 70 பவுண்டு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், பேச்சோட உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாம கெயின் (மைக் சத்தத்தைக் கூட்டற அளவு), கத்தற சீனுக்கு தனி டேக் கெயினைக் குறைச்சு. பாய்லரையும் ஃப்ரிட்ஜையும் ரெக்கார்டிங் நேரத்துல அணைச்சிடுவோம், ஃப்ரிட்ஜ் சுவிட்ச் மேல கார் சாவிய மாட்டி வெச்சிடுவேன், கிளம்பும்போது திரும்பப் போட மறக்காம இருக்கறதுக்கு.

இந்த எஸ்எம்58ல ஒரு விஷயம் எங்க ஹீரோவையே உருவாக்கிக் குடுத்துச்சு. அவனுக்கு ரெண்டு குரல் வேணும், பகல்ல தபால் ஆபீஸ் கிளார்க், ராத்திரில வானத்துல. சூப்பர்மேன் ரேடியோல ஹீரோவா நடிச்ச பட் காலியர் ஒரே வாக்கியத்தோட நடுவுல குரலைக் கீழ இறக்கி ரெண்டு ஆளையும் காட்டுவார், அது அவரோட தொண்டைக்கு இருந்த திறமை. எங்க நடிகருக்கு கீழ இறக்கினா தொண்டை கட்டுது. அப்புறம் மைக் தூரத்தை வெச்சு பண்ணோம். எஸ்எம்58 மாதிரி முன்பக்கத்து சத்தத்தை அதிகமா எடுக்கற கார்டியாய்டு மைக்ல வாய் கிட்ட போகப் போக பேஸ் ஏறும், 5 சென்டிமீட்டர்ல பேசினா குரல் அகலமா கனமா நெஞ்சுலேருந்து வர்ற மாதிரி இருக்கு, 30 சென்டிமீட்டர் தள்ளி பேசினா அதே ஆள் ஒல்லியா தயங்கற மாதிரி ஆயிடறார். கிளார்க் 30, ஹீரோ 5. நடிப்பு ரெண்டுலயும் ஒரே சாதாரணக் குரல்தான், அதனாலயே நம்பற மாதிரி இருக்கு, ஒரே மனுஷன்னு காதுக்கு தெரியுது. 30ல பேசும்போது கெயினை 15 டெசிபெல் போல ஏத்தணும், ரூம் சத்தமும் கூடவே ஏறும், மெத்தையும் டூவேயும் இல்லாம இது நடக்காது. 5ல ப, ம்ப வர்ற இடமெல்லாம் காத்து வெடிக்கும், மைக்கை வாய்க்கு நேரா வெக்காம கன்னத்துப் பக்கம் 30 டிகிரி சாய்ச்சதுல தீர்ந்துச்சு. கதைல அவன் தங்கச்சி முன்னாடி உண்மையைச் சொல்ற இடத்துல நடிகரை பேசிட்டே 30லேருந்து 5க்கு மெதுவா சாய சொன்னோம், சத்த அளவை மாத்தற ஃபேடரை நான் கையால கீழ இழுத்துட்டே வந்தேன், மொத்த டிராமாலயும் எனக்கு அதான் பெஸ்ட்.

வில்லன் ஒரு மெஷின், ஊர் ஊரா போய் சக்தி இருக்கறவங்களோட சக்தியை உறிஞ்சற மெஷின். அதுக்கு ரிங் மாடுலேட்டர் கட்டினேன். டாக்டர் ஹூல இரும்புக் கூட்டுக்குள்ளேருந்து பேசற எதிரியான டாலெக்கோட குரலுக்கு 1963ல பிபிசிக்கு சத்தம் உருவாக்கற பிரிவான ரேடியோபோனிக் வொர்க்ஷாப்ல பிரையன் ஹாட்ஜ்சன் எடுத்த வழி அதுதான், பேச்சை 30 ஹெர்ட்ஸ் சுத்தி இருக்கற ஒரு ஓசையோட பெருக்கறது. ஃப்ரீ பிளக்-இன்லயே கிடைக்கும், ரிகர்சலுக்கு அதைத்தான் போட்டோம். ஆனா அது ரொம்ப சுத்தமா இருந்துச்சு, தகரத் தொண்டை வரல.

சர்க்யூட் சின்னதுதான். நடுவுலேருந்தும் ஒரு கம்பி வெளிய எடுத்த (சென்டர் டேப்) ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ரெண்டு, டையோடு நாலு வட்டமா ஒரே திசைல, உள்ள வர்றதுக்கு ரெண்டு ஜாக், வெளிய போறதுக்கு ஒண்ணு, பவர் சப்ளையே வேண்டாம். டையோடு எல்லாம் ஒரே பக்கமா சுத்தி நிக்கணும், பிரிட்ஜ் ரெக்டிஃபையர் மாதிரி வெச்சீங்கன்னா வேலை செய்யாது. முதல்ல டப்பால கிடந்த 1என்4148 சிலிக்கான் டையோடு போட்டேன், சத்தமா பேசறப்போ அட்டகாசம், மெதுவா பேசினா வார்த்தையோட வால் எல்லாம் அறுந்து போச்சு, சிலிக்கான் 0.6 வோல்ட் கிட்ட வந்தாத்தான் திறக்கும், அதுக்குக் கீழ இருக்கற பேச்சு உள்ளயே நின்னுடுது. ஷாட்கி டையோடு வாங்கிப் போட்டேன், 0.3 கிட்டயே திறந்துடுது, கிசுகிசுப்பு கூட வந்துச்சு. 10 டையோடு வாங்கி மல்டிமீட்டர்ல டையோடு டெஸ்ட் வெச்சு ஒண்ணொண்ணா அளந்து பேப்பர்ல ஒட்டி கீழ எண்ணை எழுதி, கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டற நாலைப் பொறுக்கினேன். அளக்கும்போது கைல பிடிக்காதீங்க, விரல் சூட்டுலயே ரீடிங் இறங்கிட்டே போகும், கிளிப்ல மாட்டி அரை நிமிஷம் விட்டு பாருங்க. நாலும் ஒத்துப் போகலைன்னா அந்த 30 ஹெர்ட்ஸே வெளிய கசியும். என்னதான் பொறுக்கினாலும் கொஞ்சம் கசிஞ்சுது, 80 ஹெர்ட்ஸ்ல ஹை பாஸ் போட்டு அதுக்குக் கீழ இருக்கறதை எடுத்துட்டேன்.

30 ஹெர்ட்ஸ் ஓசையை போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப்லேருந்து ஹெட்போன் ஜாக் வழியா குடுத்தேன், வால்யூம் முழுசா. எங்க மெஷின் டாலெக் இல்லங்கறதால 30லேருந்து மாத்தி மாத்திக் கேட்டு 52ல நிறுத்தினேன், 30ல நடுங்குது, 52ல அரைக்குது, உறிஞ்சற மெஷினுக்கு அரைக்கறதுதான் பொருத்தம். டிரான்ஸ்ஃபார்மர், டையோடு, ஜாக், தகர டப்பா எல்லாம் சேர்த்து 15 பவுண்டு.

ஆனா பாதி வேலை சர்க்யூட்ல இல்ல, நடிக்கறவங்க வாயில இருக்கு. ரிங் மாடுலேட்டருக்கு உயிரெழுத்தை இழுத்து பேசினாத்தான் அந்த அதிர்வு கேக்கும், டாலெக் எல்லாம் ஒவ்வொரு அசையையும் இழுத்து இழுத்து கத்தறது அதனாலதான் எடுபடுது. தமிழ்ல அப்படியே இழுத்தா குறில் நெடிலாயிடுது, அர்த்தமே மாறிடும். மெஷின் "விடு"ன்னு மிரட்டணும், கேக்கறவங்களுக்கு "வீடு"ன்னு விழுந்துச்சு. அதனால மெஷின் வசனத்தை எல்லாம் திரும்ப எழுதினோம், குறில் மட்டும் இருக்கற சின்ன வார்த்தையை முடிஞ்ச வரைக்கும் எடுத்துட்டு நெடில் வர்ற வார்த்தையா போட்டோம், இழுக்கறதை வார்த்தைக் கடைசி அசைல மட்டும் வெச்சோம். "சக்தியைத் தா"ன்னு சொல்லும்போது அந்த "தா" எவ்வளவு நேரம் வேணும்னாலும் நீளும், அரைச்சுட்டே போகும், சூப்பரா இருக்கு. தமிழ்ல யாராவது ரோபோ குரல் பண்ணப் போறீங்கன்னா ஸ்கிரிப்ட் எழுதும்போதே இதைப் பாத்துடுங்க, ரெக்கார்ட் பண்ண அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது.

இப்போ பறக்கறது. ரெடிமேட் வூஷ் சத்தம் எல்லாம் போட்டுப் பாத்தோம், எல்லாமே சினிமா டிரெய்லர் மாதிரி இருந்துச்சு, மனுஷன் பறக்கற மாதிரி இல்ல. கேப் துணி படபடக்கணும்னு துணி தேட ஆரம்பிச்சோம். குளியல் துண்டு பொத் பொத்துன்னு மொக்கையா விழுது. பட்டுப் புடவை சரசரன்னு அழகா இருக்கு, ஆனா யாரோ நடந்து போற மாதிரிதான் கேக்குது. தார்பாலின் போட்டா கட்டட வேலை. கடைசியா ஊர்லேருந்து அம்மா குடுத்து அனுப்பின பவானி ஜமுக்காளம், அந்த கெட்டி நெசவுக்கு ஒரு உடம்பு இருக்கு, ரெண்டு மூலையைப் பிடிச்சு மேலேருந்து கீழ ஒரு உதறு உதறினா முதல்ல ஒரு இழுப்பு, அப்புறம் ஒரு அறை, அப்புறம் ஓரத்துல சின்ன சின்ன படபடப்பு. மைக்கை ஒரு மீட்டர் தள்ளி பக்கவாட்டுல வெச்சு ஃபோம் கவர் போட்டு எடுத்தேன், நேரா வெச்சா காத்து அடிச்சு பாழாயிடும். எடுத்ததை நாலு செமிடோன் கீழ இறக்கினப்போ துணி இன்னும் பெருசான மாதிரி ஆச்சு.

துணி மட்டும் போதல. கிளம்பறதுக்கு முன்னாடி அரை செகண்ட் எல்லா சத்தத்தையும் எடுத்துடணும், பின்னணி ஊர் சத்தம், மியூசிக், எல்லாம். அப்புறம் தரை, ஜல்லி சிதறற சத்தம், பக்கத்து ஜன்னல் கண்ணாடி கடகடன்னு ஆடறது. அதுக்கப்புறம்தான் ஜமுக்காளம். குரல் போய்ட்டே இருக்கும்போது மேல் ஃப்ரீக்வென்சியை 8000லேருந்து 1500 வரைக்கும் படிப்படியா இறக்கி, லெவலையும் இறக்கி, ரிவர்பை மட்டும் ஏத்தினேன். கீழ நிக்கற தங்கச்சியோட மூச்சு பெருசா கிட்ட கேக்கணும், அது இருந்தாத்தான் அவன் தூரம் போனது தெரியும்.

டாக்டர் அடைபட்ட அறைக் கதவை அவன் பிய்க்கற சீனுக்கு ஓவன் கிரில் ரேக். ரெண்டு நூல்ல தொங்க விட்டு, அதிர்வை மைக் மாதிரி எடுக்கற 27 மில்லிமீட்டர் பியெஸோ டிஸ்க்கை டேப் போட்டு ஒட்டி, மரக்கரண்டியாலயும் செலோ ரோசின் தடவின துணியாலயும் இழுத்தேன். டிஸ்க் ஒரு பவுண்டு கூட இல்ல. இன்டர்ஃபேஸ்ல கண்டிப்பா இன்ஸ்ட்ருமென்ட் மோட்ல போடுங்க, லைன் மோட்ல போட்டா பியெஸோவோட பேஸ் எல்லாம் காணாம போயி தகர டப்பா தட்டற மாதிரி ஆயிடும். எடுத்ததை பாதி ஸ்பீட்ல ஓட விட்டா பெரிய இரும்புக் கதவு முனகற மாதிரி இருக்கு, சிலிர்த்துப் போச்சு. அதோட நடிகர் முக்கற சத்தத்தை முழுசா எடுத்துட்டோம். முக்கினா கஷ்டப்படறான்னு அர்த்தம், முக்காம சாதாரணமா "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க"ன்னு சொல்லிட்டே பிய்ச்சாத்தான் பலம் தெரியுது.

டாக்டர் காலத்துல பயணம் பண்ற டார்டிஸ் கப்பலோட சத்தத்துக்கு ஒரிஜினல் கிளிப்பைப் போட மனசு வரல. ஹாட்ஜ்சன் ஒரு பழைய பியானோவோட பேஸ் கம்பில வீட்டுச் சாவிய உரசி பண்ணது அது, அதே வழில நாமளே ஒண்ணு பண்ணிப் பாக்கலாமேன்னு ஆசை. பியானோ கிடைக்கல, நண்பரோட பேஸ் கிட்டார் கிடைச்சுது, கம்பி மேல கம்பி சுத்தினது அதுலயும் இருக்கு. சாவிய மெதுவா இழுத்தா கர்ர்ருன்னு வருது, ஆனா ஒல்லியா. பியானோக்குள்ள இருக்கற பெரிய பலகை இதுல இல்லையே. கிட்டார் உடம்பை சாப்பாட்டு மேஜை மேல அழுத்தி வெச்சு, பியெஸோவை கிட்டார்ல ஒட்டாம மேஜைக்கு அடில ஒட்டினேன். மேஜை பலகையா வேலை செஞ்சுது. அதை ரிவர்ஸ் பண்ணி டிலே ஃபீட்பேக் ஏத்தி விட்டதுல வந்த சத்தம் ஒரிஜினல் மாதிரி இல்ல, ஆனா அதோட சொந்தக்காரன்னு சொல்லலாம்.

மிக்ஸ் ரீப்பர்ங்கற சாஃப்ட்வேர்ல. லைசென்ஸ் 60 டாலர், அதுக்கு முன்னாடி 60 நாள் டிரையல் குடுக்கறாங்க. பேச்சை முதல்ல தனியா முடிச்சு, பேச்சு மட்டுமே ஓடினாலும் கதை புரியுதான்னு பாத்துட்டு அப்புறம்தான் எஃபெக்ட் சேர்த்தேன். முழுசா மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு சத்தமா கேக்குதுங்கறதோட அளவு). ஹெட்போன்ல கதவு சீன் பிரமாதமா இருந்துச்சு, போன் ஸ்பீக்கர்ல போட்டா கதவே இல்ல, 60 ஹெர்ட்ஸ் முனகல் எல்லாம் அந்தக் குட்டி ஸ்பீக்கர்ல வராது. ரேக் டிராக்கை காப்பி பண்ணி அதுல சாச்சுரேஷன் (லேசா சிதைச்சு மேல் ஓசைகளை உண்டாக்கறது) போட்டு 150லேருந்து 400 வரைக்கும் மட்டும் விட்டு அடில சேர்த்தேன், போன்லயும் கதவு வந்துடுச்சு. ஒத்தக் காதுல இயர்பட் போட்டு கேக்கறவங்க நெறைய, அதனால பேச்சு எல்லாம் நடுவுலயே, பறக்கறது மட்டும் இடம் வலம் போகுது.

மொத்தச் செலவு ஏறக்குறைய 200 பவுண்டு, அதுல பாதிக்கு மேல மைக்கும் இன்டர்ஃபேஸும், அது அடுத்தடுத்த வேலைக்கும் நம்மகிட்டயே இருக்கும்.

சண்டை சீன்தான் எனக்கு இன்னும் திருப்தி இல்ல. அவங்கவங்க நேரம் ஒத்து வராம தனித்தனியா எடுத்து ஒட்டினோம், வார்த்தை எல்லாம் சரியான இடத்துல விழுந்தாலும் ஒருத்தர் மூச்சுக்கு இன்னொருத்தர் மூச்சு பதில் சொல்லல. பிக் ஃபினிஷ்ல நடிகர்களை தனித்தனி பூத்ல நிக்க வெச்சாலும் ஒரே நேரத்துல ஹெட்போன்ல ஒருத்தரை ஒருத்தர் கேட்டுட்டே நடிக்க வெப்பாங்க, குரல் கலக்காது, மூச்சு மட்டும் ஒட்டிக்கும். அடுத்த தடவை இன்னொரு எஸ்எம்58 வாங்கி, ஒருத்தர் மேல்மாடி ரூம்ல, ஒருத்தர் படிக்கட்டுக்குக் கீழ, நடுவுல 10 மீட்டர் எக்ஸ்எல்ஆர் கேபிள், ரெண்டு பேருக்கும் ஹெட்போன். 2ஐ2ல ஒரு ஹெட்போன் ஜாக்தான் இருக்கு, அதனால ஒரு சின்ன ஹெட்போன் ஆம்ப் தேடிட்டு இருக்கேன். நாலு அவுட் இருக்கறதா, தனித்தனி வால்யூம் திருகற மாதிரி, 25 பவுண்டுக்குள்ள யாராவது நல்லதா பாத்திருந்தா சொல்லுங்க.